குறிகட்டுவான் துறையில் படித்த பாடம்: வரி, செலவு, விதி



சென்ற இதழில் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை வாசிப்பது எப்படி என்று படித்தோம். இந்த முறை அதைவிடக் கொஞ்சம் பெரிய கணக்கு. நம்முடைய வாக்கை வாங்கிச் சபைக்குப் போகிற ஒருவர் மேடையில் ஏறி, “இந்த வரியைக் குறைக்க வேண்டும், அந்த வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும், இந்த விதியை மாற்ற வேண்டும்” என்கிறார். கை தட்டுகிறோம். லயத்துக்குத் திரும்பி வந்து யோசித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அவர் சொன்னதில் எது அவர் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பாடம்.

பாடத்தைத் தோட்டத்தில் தொடங்காமல் கடற்கரையில் தொடங்குகிறேன். நமக்குப் பழகிப்போன இடத்தில் தெரியாத விஷயம், பழகாத இடத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆனித் திருவிழாப் பயணம்

2025 ஆனி மாதம் எங்கள் பகுதித் தோட்டங்களிலிருந்து ஒரு பஸ் பிடித்து நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போனோம். யாழ்ப்பாணம் பட்டணத்தைத் தாண்டி, பண்ணைப் பாலத்தால் கடலுக்கு நடுவே ஓடி, வேலணையைக் கடந்து, மறுபடியும் கடலுக்கு நடுவே போட்ட பாதையால் புங்குடுதீவுக்குப் போக வேண்டும். புங்குடுதீவின் மேற்குக் கோடியில் தரை முடிகிற இடம்தான் குறிகட்டுவான். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. நயினாதீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம். நெடுந்தீவு அப்படியில்லை, ஒரு மணித்தியாலம் வரை கடலில் போக வேண்டும்.

விடியற்காலையிலேயே வரிசை நீண்டுவிட்டது. ஒரு பக்கம் அம்மன் கோயிலுக்குப் போகிற நாங்கள், இன்னொரு பக்கம் நாகதீப விகாரைக்குப் போகிற சிங்களச் சனங்கள். இடையிலே அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு என்று வீட்டுச் சாமான்களோடு தீவு மக்கள். நமக்கு அது யாத்திரை. அவர்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற ரோடு.

எங்களோடு வந்த கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், எதையும் கேட்காமல் விடமாட்டார். வெயில் ஏற ஏற என்னிடம் திரும்பினார்: “ஏங்க மாஸ்டர், இந்த ரோடு யாருது? இந்தக் கட்டின எடம் யாருது? போட்டு யாருது? எங்க தோட்டத்துல எல்லாத்துக்கும் ஒரே தொறதான். இங்க தொறையில தொறை யாருங்க?”

எங்களுக்கு முன்னால் குடையோடு நின்ற நெடுந்தீவுப் பெரியவர் சிரித்துவிட்டார். “பிள்ளை, இஞ்ச துரை ஒராள் இல்லை. றோட்டு ஒரு கந்தோர், துறை ஒரு கந்தோர், வள்ளம் தனியாளின்ர, டீசல் விலை கொழும்பில. இத்தனை பேருக்கு மேல ஏத்தக்கூடாது எண்டு பாக்கிறது வேற ஆக்கள். முந்தி மாகாண சபைக்கு வாக்குக் கேட்டு ஒருத்தர் வந்தவர். துறையைத் திருத்தித் தாங்கோ எண்டு கேட்டம். ஓம் எண்டிட்டுப் போனார். பிறகுதான் தெரிஞ்சுது, அது அவற்ற கையில இல்லையெண்டு. அவர் பொய் சொன்னவர் எண்டு சொல்லமாட்டன். அவருக்கும் தெரியாது போல.”

கடைசி வசனம் என் மனதில் தங்கிவிட்டது. அவருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் கேட்பதும் கொடுப்பதுமாக ஐந்து வருஷம் ஓடிவிடுகிறது.

உங்கள் சம்பளச் சீட்டிலேயே மூன்றும் இருக்கிறது

அரசாங்கம் நம் வாழ்க்கையைத் தொடுகிற வழி பெரும்பாலும் மூன்றுதான். நம்மிடமிருந்து எடுப்பது வரி. நமக்காகக் கொடுப்பது செலவு. எடுக்காமலும் கொடுக்காமலும், “இதைச் செய், இதைச் செய்யாதே” என்று இன்னொருவருக்குக் கட்டளை போடுவது விதி.

நாள் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனதும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனதும் எதனால்? அரசாங்கம் தன் பெட்டியிலிருந்து கொடுத்ததா? இல்லை. சம்பள நிர்ணய சபைச் சட்டம் 1941 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் கீழ் வர்த்தமானியில் அறிவித்து, “இதற்குக் குறையக் கொடுக்கக்கூடாது” என்று கம்பனிகளுக்குக் கட்டளை போடுகிறார்கள். ஆகவே அது விதி. பணம் கம்பனியினுடையது.

2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் வைத்தபோது இரண்டு விஷயம் சொன்னார். 1,350 ரூபாவை 1,550 ஆக உயர்த்த வேண்டும் என்பது ஒன்று. அதற்கு மேல் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசாங்கம் கொடுக்கும் என்பது மற்றது. மொத்தம் 1,750 என்று பேசிக்கொண்டோம். ஆனால் கூட்டப்பட்ட இரண்டு 200 ரூபாவும் ஒரே ஜாதி அல்ல. முதல் 200 கம்பனி கொடுக்க வேண்டியது, விதி. இரண்டாவது 200 திறைசேரிப் பணம், செலவு. விதியால் வந்தது நிற்க வேண்டுமானால் வர்த்தமானி நிற்க வேண்டும். செலவால் வந்தது நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு வருஷமும் பாராளுமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு வருஷம் ஒதுக்காவிட்டால் அந்த வரி சம்பளச் சீட்டிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும்.

அந்த இரண்டாவது 200 ரூபாவுக்கென்று ஒதுக்க முன்மொழிந்த தொகை 5,000 மில்லியன், அதாவது 500 கோடி ரூபா. பெரிய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம், வகுத்துப் பாருங்கள். 500 கோடியை 200 ஆல் வகுத்தால் இரண்டரைக் கோடி நாள். ஒருவருக்கு மாதம் 25 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 300 நாள். அப்படியானால் இந்தப் பணம் ஏறக்குறைய 83,000 பேருக்குக் காணும். நம் தோட்டங்களில் எத்தனை பேருக்கு மாதம் 25 பேர் விழுகிறது? 17 நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 204 நாள், அப்போது 1,22,000 பேருக்கு மேல் காணும். வேலை நாள் குறையக் குறையப் பணம் அதிகம் பேருக்குப் போகும், ஆனால் ஒவ்வொருவர் கைக்கும் வருவது குறையும். அரைப் பேர் போட்ட நாளுக்கு அந்த 200 முழுசாக வருமா, பாதியாக வருமா, வராதா? இதைத் தலைவரிடமும் செக்ரோல் போடுகிறவரிடமும் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒரு முதலமைச்சரின் கதை

இப்போது மாகாண சபைக்கு வருவோம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் பிறந்தன. பாடசாலை, ஆஸ்பத்திரி, உள்ளூராட்சி, மாகாண வீதி என்று பல விஷயங்கள் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டன. நம் பிள்ளைகள் படிக்கிற தோட்டப் பாடசாலைகளில் ஏறக்குறைய எல்லாமே மாகாணத்தின் கீழ்தான்.

வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21 அன்றுதான் நடந்தது. குறிகட்டுவான் இருக்கிற தீவுப் பகுதியும் அதற்குள்தான். 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார். ஒரு இலட்சத்து முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்கு அவருக்கு. அவ்வளவு வாக்கு வாங்கியவர், சட்டம் படித்தவர். அவருக்கே என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று பார்ப்பது நமக்கு நல்ல பாடம். அவருடைய கட்சி அரசியலை இங்கே பேசவில்லை. பணப்பெட்டி பற்றிய அவருடைய கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: சபைக்கு வாக்கு இருக்கிறது, சாவி இல்லை. பணம் கொழும்பிலிருந்து வருகிறது. கையெழுத்து ஆளுநரிடம் இருக்கிறது.

அது வெறும் மனத்தாங்கல் அல்ல, சட்டத்தில் இருக்கிறது. மாகாண சபைகள் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, வரி போடுவது, வரியை நீக்குவது, மாகாண நிதியிலிருந்து செலவு செய்வது சம்பந்தப்பட்ட ஒரு நியதிச் சட்டத்தை ஆளுநர் சிபாரிசு செய்யாமல் சபையில் கொண்டுவரவே முடியாது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. தோட்டத்து மொழியில் சொன்னால், தோட்டக் கமிட்டி கூடி முடிவு எடுக்கலாம், ஆனால் கூட்டப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே துரையின் கையெழுத்து வேண்டும்.

வெளிநாடுகளில் இருக்கிறவர்களும் நலன்விரும்பிகளும் தருகிற உதவியைச் சேர்த்து வைக்க ‘முதலமைச்சர் நிதியம்’ ஒன்றை அமைக்க விக்னேஸ்வரன் விரும்பினார். அதற்கு நியதிச் சட்டம் வேண்டும். அந்த முயற்சி ஆளுநர் மட்டத்தில் முட்டி நின்றது. அப்போது ஆளுநர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ. ஏ. சந்திரசிறி. 2015 இல் ஆட்சி மாறியது, ஆளுநரும் மாறினார். சட்டம் மாறவில்லை. ஆள் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிற பழக்கம் நமக்கும் உண்டு, துரை மாறும்போதெல்லாம் நம்புகிறோம்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. 2010 முடியும் வரை மாகாணங்களுக்கென்று ஒரு சொந்த வரி இருந்தது. கடைகளின் விற்பனைப் புரள்வின் மேல் விழுகிற வரி. 2011 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டு, மத்திய அரசாங்கம் சேர்க்கிற தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறோம் என்றார்கள். 2019 டிசெம்பரில் அந்தத் தேசக் கட்டுமான வரியையே நீக்கிவிட்டார்கள். அதாவது வடக்குச் சபை 2013 இல் பிறக்கும்போதே வீட்டின் முக்கியமான மாடு விற்கப்பட்டிருந்தது. பால் வேண்டுமானால் பக்கத்து வீட்டில் வாங்க வேண்டிய நிலை. மாகாணத்துக்கு மிஞ்சியவை முத்திரை வரி, வாகன அனுமதிக் கட்டணம், நீதிமன்றக் குற்றப்பணம் போன்றவை. மற்றதெல்லாம் நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் வருகிற கொடை. அந்தக் கொடையில் பெரும்பங்கு ஆசிரியர், வைத்தியர், தாதிமார் சம்பளத்துக்கே போய்விடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சபை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது, நியதிச் சட்டங்களோ கொஞ்சம்தான். தீர்மானத்தால் ஒரு சதம் வசூலிக்கவும் முடியாது, ஒரு சதம் செலவழிக்கவும் முடியாது. அதற்கு நியதிச் சட்டம் வேண்டும். வந்த பணத்தை முழுதாகச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது, முதலமைச்சர் அதை மறுத்தார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சாவி இல்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் கையில் இருந்த சின்னச் சாவிகளையும் சபை இன்னும் அதிகமாகப் போட்டுத் திறந்து பார்த்திருக்கலாம்.

2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. நம்முடைய மாகாணங்களும் அப்படித்தான். சப்ரகமுவ 2017 இல், மத்திய மாகாணம் 2018 இல், ஊவா 2019 இல் முடிந்தன. தொகுதி எல்லை பிரிக்கிற சட்டச் சிக்கலில் தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே வந்தது. சபை இல்லாத காலத்தில் மாகாணத்தின் வரவு செலவை ஆளுநர்தான் பார்த்தார். பாடசாலைக்குக் கூரை போடப் பணம் ஏன் வரவில்லை என்று எழுந்து கேட்க நாம் தெரிவுசெய்த ஒருவரும் அங்கே இல்லை.

படகு வாங்குவது வேறு, படகு ஓட்டுவது வேறு

மறுபடி குறிகட்டுவானுக்கு வருகிறேன். நெடுந்தீவுக்கு ‘குமுதினி’ படகு நெடுங்காலமாக ஓடியது. 2017 இல் ‘நெடுந்தாரகை’ என்ற புதுப் படகு அவுஸ்திரேலிய உதவியோடு கட்டப்பட்டு, வடக்கு மாகாண சபைக் காலத்தில் நெடுந்தீவுப் பிரதேச சபைக்குக் கொடுக்கப்பட்டது. பல கோடி ரூபாப் பெறுமதியான படகு. வெள்ளோட்டத்துக்கு முதலமைச்சரும் வந்தார். நல்ல காரியம், சந்தேகமில்லை.

ஆனால் படகுக்குத் தினமும் டீசல் வேண்டும். ஓட்டிக்குச் சம்பளம் வேண்டும். வருஷத்துக்கொரு தடவை கரையேற்றிப் பழுது பார்க்க வேண்டும். நெடுந்தீவு சின்னத் தீவு, அதன் பிரதேச சபைக்கு வருமானமும் சின்னது. அந்தப் பெரிய படகை ஓட்டுகிற செலவு அந்தச் சின்னச் சபைக்குப் பாரமாக இருந்தது. ஓடாமல் கட்டிக் கிடந்த காலங்களும் உண்டு.

வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு இரண்டு பெயர் இருக்கிறது. ஒருமுறை போடுகிற பணம் மூலதனச் செலவு. மாதா மாதம் திரும்ப வருகிற செலவு மீண்டெழும் செலவு. அரசியல்வாதிகளுக்கு மூலதனச் செலவில் பிரியம் அதிகம், ரிப்பன் வெட்டலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம். டீசல் பில்லுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

தோட்டத்தில் இது நடக்கவில்லையா? புள்ளைக்காம்பராவுக்குப் புதுக் கட்டடம் வரும், பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாவுக்குச் சம்பளம் எங்கிருந்து என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தாங்கி கட்டுவார்கள், பம்பின் கரண்ட் பில் யார் கட்டுவது என்று எழுதியிருக்காது. அடுத்த முறை ஒருவர் “கட்டித் தருகிறேன்” என்றால், கட்டிய பிறகு மாதச் செலவு யாருடைய கணக்கில் என்று கேளுங்கள். அவர் முகத்திலிருந்தே பாதிப் பதில் தெரிந்துவிடும்.

வரி கூடாமலே விலை கூடும்

வரியைப் பற்றி நாம் அதிகம் கோபப்படுகிறோம், ஆனால் எது வரி என்று சரியாகத் தெரியாமல் கோபப்படுகிறோம். பெறுமதி சேர் வரி, கடைக்காரர் வற் என்று சொல்வது, 2019 டிசெம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. குறைத்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். அரசாங்கத்தின் பெட்டியில் விழுந்த ஓட்டைகளில் அதுவும் ஒன்று. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. அந்த வருஷமே வற் 12 ஆகி, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமாக வந்து நின்றது. டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அப்போதிருந்து வற் விழுந்தது. குறிகட்டுவானில் படகுக்காரர் ஊற்றுகிற டீசலிலும் நம் பஸ்காரர் ஊற்றுகிற டீசலிலும் அதே 18 தான். தீவானுக்கும் தோட்டத்தானுக்கும் கொழும்பு முதலாளிக்கும் ஒரே வீதம். ஆனால் பத்து ரூபா உள்ளவனுக்கும் பத்தாயிரம் உள்ளவனுக்கும் ஒரே சவர்க்காரத்தில் ஒரே வரி என்றால், அது யாருக்குக் கனக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் கதை வேறு. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340 ரூபா ஆனது. நினைவிருக்கிறதா? நம் லயங்களில் அடுப்புக்கும் விளக்கிற்கும் அதுதான். தீவுப் பகுதிச் சின்னப் படகுகளின் இயந்திரங்கள் பலவற்றுக்கும் அதுதான். அந்தப் பெரியவர் அன்றைக்குச் சொன்னார், “அண்டைக்கு விடிய எண்ணெய்க் கான் எடுத்துக்கொண்டு போனவங்கள் வெறுங்கானோட திரும்பினவங்கள்” என்று. இந்த விலை ஏற்றத்துக்கு வரி காரணமல்ல. அதுவரை அரசாங்கம் நட்டத்தைத் தாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுத்தது, அந்தத் தாங்கலை எடுத்தார்கள். அதாவது செலவைக் குறைத்தார்கள். ஆகவே ஒருவர் மேடையில் “நான் அரசாங்கச் செலவைக் குறைப்பேன்” என்றால் உடனே கை தட்ட வேண்டாம். எந்தச் செலவை என்று கேளுங்கள். சில நேரம் அது உங்கள் எண்ணெய்ப் போத்தலாக இருக்கும்.

ஒரு பாதையும் ஒரு பிரிவும்

விதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாதது இதுதான்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கீழ்க்கணக்கிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுகிற பாதை மழைக்கு ஒவ்வொரு வருஷமும் அரித்துவிடும். லாரி வராது, ட்ரக்டர் கூடச் சில நாள் வராது. ஒரு ராத்திரி பிரசவ வலி வந்த ஒரு பிள்ளையைக் கம்பளியில் கிடத்தி நாலு பேர் மேட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அம்மன் புண்ணியம். அதற்குப் பிறகு தோட்டக் கமிட்டி ஒவ்வொரு தேர்தலுக்கும் மனு எழுதியது. வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரையும் திட்டினோம்.

காரணம் ஒரு சட்டப் பிரிவில் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் காணிக்குள் சபை நிதியில் வேலை செய்வதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். அந்தச் சபை தோட்டத்துக்குள் ஒரு மதகு கட்டப் பணம் போட முடியாது. முப்பது வருஷம் இப்படி. 2018 இல்தான் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்ய வழி விட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்த முப்பது வருஷமும் நாம் “பணம் ஒதுக்குங்கள்” என்று செலவைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டிருக்க வேண்டியது விதியை மாற்றுங்கள் என்று. அதையும் பிரதேச சபை உறுப்பினரிடமோ மாகாண சபை உறுப்பினரிடமோ அல்ல, பாராளுமன்ற உறுப்பினரிடம். நெடுந்தீவுப் பெரியவர் துறையைப் பற்றிச் சொன்ன அதே கதை. தீவும் தோட்டமும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தூரம், ஆனால் இரண்டும் பல கந்தோர்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிற இடங்கள்.

ஆகவே ஒருவர் தன் கருத்தைச் சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியதை அங்கங்கே சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் சொல்வது வரியா, செலவா, விதியா? அதைச் செய்ய அதிகாரம் எந்தச் சபைக்கு, அந்தச் சபையில் நீங்கள் இருக்கிறீர்களா? செலவு என்றால் எந்தப் பெட்டியிலிருந்து, எத்தனை வருஷத்துக்கு? கடைசியாக, யாருடைய கையெழுத்து இல்லாமல் இது நிற்காது? பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டே கேட்டுவிடலாம், ஐந்து நிமிஷம் போதும். உறுப்பினருக்குப் பதில் தெரியாவிட்டால் கோபிக்க வேண்டாம், தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நல்லவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

வட்டப் படிப்புக்கு உட்காரும்போது, உங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் கேட்ட மூன்று கோரிக்கைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வரி, செலவு, விதி என்று குறித்து, எந்தச் சபைக்கு எழுத வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மனுவாவது பிழையான விலாசத்துக்குப் போயிருக்கும்.

குறிகட்டுவானில் கேள்வி கேட்ட அக்கா அதைச் செய்தார். அன்றைக்கு எங்களுக்குப் படகு கிடைத்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அம்மனைக் கும்பிட்டுத் திரும்பி, பஸ்ஸிலேயே என்னிடம் தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டார். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் வந்த பிரதேச சபை உறுப்பினருக்குக் கடிதம். பழைய மனுவில் “எங்கள் கஷ்டத்தைப் பார்த்து” என்று ஒரு பக்கம் இருந்தது. புதுக் கடிதத்தில் பாதையின் நீளம், உடைந்த இரண்டு மதகு, 2018 திருத்தத்தின் பேச்சு, தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டுமா என்ற கேள்வி, அவ்வளவுதான்.

வருஷ முடிவில் சபையின் வரவு செலவுக் கூட்டத்தைப் பார்க்க அக்காவும் இன்னும் மூன்று பேரும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போனார்கள். பின்வாங்கில் உட்கார்ந்து கேட்டார்களாம். வேலைப் பட்டியலில் அந்தப் பாதை ஏழாவதாக இருந்தது, ஆனால் தோட்டத்தின் பெயர் பிழை, பக்கத்துத் தோட்டத்தின் பெயர் விழுந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் உறுப்பினரை வாசலில் நிறுத்தி, பட்டியலை வாங்கி, பேனாவால் வெட்டித் திருத்தச் சொல்லி, அவர் கையெழுத்து வைக்கும் வரை அக்கா வழி விடவில்லையாம்.